வீட்டுக்கு லாக்கர் வாங்கப் போறீங்களா? முதல்ல இந்தக் கணக்கைப் போடுங்க!



நம்ம வீடுகளில் நகை, பத்திரம், மார்க் ஷீட் எல்லாம் எங்கே இருக்கும்? பீரோவில். பீரோவுக்குள்ளே ஒரு குட்டி லாக்கர். அதன் சாவி பீரோ மேலேயோ, சாமி படத்துக்குப் பின்னாலேயோ, அடுக்கி வைத்த புடவைக்கு அடியிலேயோ இருக்கும். நமக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். திருட வருகிறவர் முதலில் கை வைக்கும் இடங்களும் அவைதான்.

பீரோவின் தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் உடையது. ஒரு தடித்த ஸ்க்ரூ டிரைவரைக் கதவிடுக்கில் விட்டு நெம்பினால் வளைந்துவிடும். சென்னையில் ‘பீரோ புல்லிங்’ என்று ஒரு திருட்டு வகைக்குப் பெயரே உண்டு. ஜன்னலோரம் நிற்கும் பீரோவை வெளியே நின்றபடியே கம்பியால் இழுத்துத் திறந்து, உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டு போவார்கள். வீட்டுக்குள் கால் வைக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

இந்த மாதிரிச் செய்திகளைப் படித்துவிட்டு அப்பாவோ அம்மாவோ ஒரு நாள் கேட்பார்கள்: “நீதான் இன்ஜினீயரிங் படிக்கிறியே, நம்ம வீட்டுக்கு ஒரு நல்ல லாக்கர் பார்த்துச் சொல்லேன்.” தேடினால் சில ஆயிரம் ரூபாய்க்கு டிஜிட்டல் லாக்கர் கிடைக்கிறது. லட்சத்தைத் தொடும் சேஃபும் இருக்கிறது. போட்டோவில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான். கறுப்புப் பெட்டி, நம்பர் பட்டன், திருகும் குமிழ். எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? அதற்குத்தான் இந்தப் பாடம். மெக்கானிக்கல், சிவில், ஈசிஇ என்று எல்லா டிபார்ட்மென்ட்டுக்கும் இதில் வேலை இருக்கிறது.

1. உடைக்கவே முடியாத பெட்டி இருக்கா?

இல்லை. இதை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்க.

லண்டனில் பிராமா என்ற பூட்டுக் கம்பெனி, 1790-இலிருந்து தன் கடை ஜன்னலில் ஒரு பூட்டை வைத்திருந்தது. சாவி இல்லாமல் திறந்து காட்டுபவருக்கு 200 கினி பரிசு என்று அறிவிப்பு. அறுபது வருஷம் அந்தப் பூட்டு அசையவில்லை. 1851-இல் லண்டன் பெரும் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஆல்ஃபிரட் சார்ல்ஸ் ஹாப்ஸ் அதைத் திறந்தார். அவருக்கு ஆன நேரம் 51 மணி நேரம், 16 நாட்களில் பரவலாக.

இந்தக் கதையில் பூட்டு தோற்றுவிட்டது என்று சிலர் சொல்வார்கள். நான் வேறு மாதிரி பார்க்கிறேன். யாரும் இல்லாத வீட்டில் எந்தத் திருடருக்கு 51 மணி நேரம் கிடைக்கும்? அந்தப் பூட்டு தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

ஆக, பெட்டகம் வாங்குகிறோம் என்றால் நாம் உண்மையில் வாங்குவது நேரம். திருடர் உள்ளே வந்ததிலிருந்து அக்கம்பக்கத்தினர் விழித்துக்கொள்ளும் வரை, அல்லது அவர் பயந்து கிளம்பும் வரை தாக்குப்பிடிக்கும் நேரம். தீ பிடித்ததிலிருந்து அணைத்து முடிக்கும் வரை உள்ளே இருப்பதைக் காக்கும் நேரம். “இது ஸ்ட்ராங்கா?” என்பது தப்பான கேள்வி. “எதற்கு எதிராக, எத்தனை நிமிஷம்?” என்பதுதான் சரியான கேள்வி. இனி வரும் எல்லாமே இந்த ஒரு கேள்வியின் விரிவுதான்.

2. எந்தப் பொருளுக்கு யார் எதிரி?

கடைக்குப் போகும் முன் ஒரு பேப்பரை எடுத்து, உள்ளே என்ன வைக்கப் போகிறோம் என்று எழுதுங்க. பக்கத்திலேயே அதன் எதிரி யார் என்றும் எழுதுங்க.

தங்க நகை: முதல் எதிரி திருடர். தூய தங்கம் உருக 1064 டிகிரி செல்சியஸ் வேண்டும். சாதாரண வீட்டுத் தீயில் பெரும்பாலும் தங்கம் தங்கமாகவே மிஞ்சும். முத்து, பவளம் பதித்தது என்றால் அந்தக் கல் தாங்காது.

நிலப் பத்திரம், சான்றிதழ்கள்: திருடருக்கு இவற்றால் பெரிய லாபம் இல்லை. இவற்றின் எதிரி தீயும் தண்ணீரும். காகிதம் 200 டிகிரியைத் தாண்டினாலே கருக ஆரம்பித்துவிடும்.

ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ்: இவை காகிதத்தை விட மென்மையானவை. காகிதம் தாங்கும் சூட்டை இவை தாங்காது.

ரொக்கம்: திருடர், தீ, தண்ணீர் மூன்றுமே எதிரி.

இப்போது ஒரு விஷயம் புரியும். திருட்டைத் தடுக்கும் பெட்டியும் தீயைத் தடுக்கும் பெட்டியும் ஒன்றல்ல. வெறும் இரும்புத் தகட்டால் ஆன பெட்டி திருடரைக் கொஞ்ச நேரம் நிறுத்தும். ஆனால் தீ பிடித்தால் அதுவே அடுப்பாகி, உள்ளே இருக்கும் பத்திரத்தை வறுத்துவிடும். மறுபக்கம், தீயைத் தாங்குவதற்காகவே செய்த இலேசான பெட்டிகளில் வெளித்தகடு மெல்லியது. கடப்பாரைக்கு முன் நிற்காது. இரண்டுக்கும் சேர்த்து வேண்டும் என்றால் இரண்டுக்கும் தனித்தனியாகச் சோதிக்கப்பட்ட பெட்டி வேண்டும்.

3. திருடருக்கு எதிராக: எடை, போல்ட், தகடு

முதல் சோதனை எடை. வீட்டுக்கு வரும் கேஸ் சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ்; சிலிண்டரோடு சேர்த்தால் கிட்டத்தட்ட 30 கிலோ. டெலிவரி செய்யும் அண்ணன் அதைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்றாவது மாடி ஏறிவிடுவார். நீங்கள் பார்க்கும் டிஜிட்டல் லாக்கர் 12 கிலோ, 20 கிலோ என்றால் அதை யாரும் உடைக்க வேண்டிய அவசியமே இல்லை. அப்படியே தூக்கிக்கொண்டு போய், ஊருக்கு வெளியே உட்கார்ந்து நிதானமாகத் திறக்கலாம். அதாவது, நாம் வாங்கிய நேரம் பூஜ்யம்.

அதனால் 100 கிலோவுக்குக் கீழே உள்ள எந்தப் பெட்டியையும் தரையோடோ சுவரோடோ போல்ட் போட்டு இறுக்கியே ஆக வேண்டும். பெட்டியின் அடியிலும் முதுகிலும் இதற்கான துளைகள் இருக்கும். நல்ல கான்கிரீட்டில் சரியாகப் போட்ட ஒரு எம்10 ஆங்கர் போல்ட் பல நூறு கிலோ இழுவிசையைத் தாங்கும். ஆனால் அதே பெட்டியை பிளைவுட் அலமாரிக்குள் வைத்து மரத் திருகாணி போட்டால், அலமாரிப் பலகையோடு சேர்ந்து வந்துவிடும்.

சிவில் நண்பர்கள் கவனிக்க வேண்டியது: துளை போடும் முன் கரண்ட் பைப், தண்ணீர் பைப் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்க. சுவரில் போடுவதானால், பூச்சில் மட்டும் பிடித்து நின்றால் பிரயோஜனம் இல்லை. செங்கலின் உடம்பிலாவது, முடிந்தால் கான்கிரீட்டிலாவது பிடிக்கணும். தீ தாங்கும் பெட்டியில் கம்பெனி கொடுத்த துளையைத் தவிர புதுத் துளை போடாதீங்க; அந்தத் துளை வழியே சூடு உள்ளே போகும். 300 கிலோ போன்ற பெரிய சேஃபை மாடியில் வைக்கும் முன் ஒரு கணக்கு போடுங்க. குடியிருப்பு அறைகளுக்கு ஐஎஸ் 875 சொல்லும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ. பெரிய சேஃபை ஸ்லாபின் நடுவில் வைக்காமல், பீமோ சுமை தாங்கும் சுவரோ இருக்கும் ஓரத்தில் வைக்கிறோம். 60, 70 கிலோ பெட்டிக்கு இந்தக் கவலை வேண்டாம். துணி நிறைந்த பீரோ அதைவிட அதிக எடை இருக்கும்.

அடுத்தது கடப்பாரை. முதலாம் ஆண்டு மெக்கானிக்ஸில் படித்த நெம்புகோல்தான். 1.2 மீட்டர் கடப்பாரை. முனையிலிருந்து 5 செ.மீ. தள்ளி ஆதாரப் புள்ளி. நீளக் கை 115 செ.மீ., குட்டைக் கை 5 செ.மீ. விகிதம் 23. ஒருவர் 40 கிலோ விசை கொடுத்தால் கதவிடுக்கில் விழுவது 920 கிலோ! கிட்டத்தட்ட ஒரு டன். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்பது இதனால்தான். கடப்பாரை முனை நுழையவே இடம் இல்லை என்றால் 23 மடங்கு விசை வெறும் கணக்காகவே நின்றுவிடும். பெட்டியை மூலையில் ஒட்டி வைத்தால் கடப்பாரையை முழுசாக வீசி அழுத்தவும் இடம் இருக்காது.

தகட்டின் தடிமனுக்கு ஒரு அழகான விதி உண்டு. வளைவை எதிர்க்கும் விறைப்பு, தடிமனின் மும்மடிக்கு விகிதமாக ஏறும். 2 மி.மீ. தகட்டை விட 4 மி.மீ. தகடு இரண்டு மடங்கு அல்ல, எட்டு மடங்கு விறைப்பு. 6 மி.மீ. என்றால் 27 மடங்கு. விளம்பரத்தில் கதவின் தடிமனை மட்டும் பெரிசாகப் போட்டிருப்பார்கள். உடம்பின் தடிமனையும் கேளுங்க. “கதவு 5 மி.மீ., உடம்பு 2 மி.மீ.” என்பது சாதாரணமாக நடக்கிறது. திருடர் கதவு வழியாகத்தான் வரணும் என்று சட்டம் எதுவும் இல்லையே!

இதற்குப் பெரிய உதாரணங்கள் உண்டு. 2015 ஏப்ரலில் லண்டன் ஹாட்டன் கார்டன் பெட்டகக் கிடங்கில், திருடர்கள் பெட்டக அறையின் கதவைத் தொடவே இல்லை. வைர முனை டிரில்லால் 50 செ.மீ. கான்கிரீட் சுவரைத் துளைத்து உள்ளே போனார்கள். 2019 அக்டோபரில் திருச்சியில் ஒரு நகைக்கடையிலும் சுவரில் துளை போட்டுத்தான் நுழைந்தார்கள். பெட்டிக்கு ஆறு பக்கம். ஆறில் எது பலவீனமோ, அதுதான் பெட்டியின் பலம்.

கீல் பற்றியும் ஒரு சந்தேகம் அடிக்கடி வரும். கீல் வெளியே தெரிந்தால் அறுத்துவிடுவார்களே? கீல் பக்கத்திலும் கதவிலிருந்து சட்டத்துக்குள் போகும் தண்டுகள் இருந்தால், கீலை அறுத்தாலும் கதவு வராது. கடையில் கதவைத் திறந்து கீல் பக்கம் எட்டிப் பாருங்க. அந்தப் பக்கம் வழுவழுவென்று ஒன்றுமே இல்லை என்றால் அந்தப் பெட்டி வேண்டாம்.

4. பூட்டு: நம்பரா, சாவியா?

சாவிப் பூட்டில் பேட்டரி தீரும் தொல்லை இல்லை. ஆனால் சாவியை எங்கே ஒளிப்பது என்ற பழைய பிரச்சினை திரும்ப வந்துவிடும். நம்பர் பூட்டில் அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் நம்பரை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்பது பிரச்சினை.

நான்கு இலக்கம் என்றால் 10,000 சாத்தியங்கள். மூன்று முறை தப்பாகப் போட்டால் 5 நிமிஷம் பூட்டிக்கொள்ளும் மாடல் என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க சுமார் 278 மணி நேரம், அதாவது பதினொன்றரை நாள். பிரமாதம்! ஆனால் நம்ம ஆட்கள் என்ன செய்வார்கள்? பிறந்த நாளை வைப்பார்கள். தேதியும் மாசமும் என்றால் 366 சாத்தியம்தான்; பத்து மணி நேரம். பிறந்த வருஷம் என்றால், 1950 முதல் 2025 வரை 76 சாத்தியம். இரண்டு மணி நேரம். வீட்டு விசேஷத் தேதிகள் தெரிந்த ஆள் என்றால் பத்து நிமிஷம் போதும். பதினொன்றரை நாள் கொடுத்து வாங்கிய பூட்டைப் பத்து நிமிஷப் பூட்டாக மாற்றுவது நாமேதான்.

இன்னொன்று. தினமும் அழுத்தும் பட்டன்கள் மட்டும் தேய்ந்து மினுங்கும். நான்கு பட்டன் தேய்ந்திருந்தால் சாத்தியங்கள் 24 மட்டுமே. 35 நிமிஷத்தில் முடிந்துவிடும். இதில் ஒரு வேடிக்கை: நான்கு இலக்கத்தில் ஒரு எண்ணை இரண்டு முறை வைத்தால் மூன்று பட்டன்தான் தேயும், ஆனால் சாத்தியங்கள் 36 ஆகிவிடும். சந்தேகம் இருந்தால் வரிசைமாற்றக் கணக்கைப் போட்டுப் பாருங்க. எளிய தீர்வு: ஆறு இலக்கம் வையுங்க, ஆறு மாசத்துக்கு ஒரு முறை மாற்றுங்க, பட்டன்களைத் துணியால் துடையுங்க.

ஈசிஇ நண்பர்கள் பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் இயந்திரம். மலிவான பெட்டிகளில் நம்பர் சரியாக இருந்தால் ஒரு சின்ன சோலினாய்டு, ஸ்பிரிங்கில் நிற்கும் ஊசியை இழுக்கும். அவ்வளவுதான். ஸ்பிரிங்கில் நிற்கும் எதுவும் அதிர்ச்சியில் துள்ளும். சோலினாய்டு ஊசி வலுவான காந்தத்துக்கும் அசையும். நம்பரே தெரியாமல் இப்படித் திறக்கும் பெட்டிகள் உண்டு. கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, காலிப் பெட்டியைப் பூட்டி, தலையில் கையால் ஒரு தட்டு தட்டிக்கொண்டே குமிழைத் திருகிப் பாருங்க. திறந்தால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போங்க. மோட்டாரால் நகரும் பூட்டு இதைவிட நம்பகமானது. ஐரோப்பியத் தரமான ஈஎன் 1300 போன்றவற்றின்படி சோதித்த பூட்டா என்று கேட்பது இன்னும் நல்லது.

பேட்டரி தீர்ந்தால் திறக்க ஒரு அவசரச் சாவி தருவார்கள். அந்தச் சாவித் துளைதான் பல பெட்டிகளின் மிகப் பலவீனமான இடம். எண் பூட்டு எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும், பக்கத்தில் இருப்பது சைக்கிள் பூட்டு தரம் என்றால் மொத்தப் பெட்டியும் சைக்கிள் பூட்டு தரம்தான். அந்தச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடாதீங்க. சிரிக்காதீங்க, நிறைய வீட்டில் இது நடக்கிறது. கம்பெனி போட்டு அனுப்பும் ஆரம்ப நம்பரை முதல் நாளே மாற்றிவிடுங்க. அது எல்லாப் பெட்டிக்கும் ஒன்றுதான், கையேட்டில் அச்சாகியும் இருக்கும்.

5. தீக்கு எதிராக: பெட்டிக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீர்

தீ தாங்கும் பெட்டியின் சுவர் கனமாக இருப்பது ஏன்? இரண்டு தகடுகளுக்கு நடுவே ஜிப்சம் அல்லது கான்கிரீட் போன்ற கலவை நிரப்பியிருப்பார்கள். ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய 21 சதவீதம் படிகத்துக்குள் கட்டுண்டிருக்கும் தண்ணீர். சூடு ஏறும்போது இந்தத் தண்ணீர் விடுபட்டு ஆவியாகும். ஆவியாகி முடியும் வரை உள்பக்க வெப்பநிலை வேகமாக ஏறாது.

கணக்கு: 10 கிலோ ஜிப்சத்தில் சுமார் 2.1 கிலோ தண்ணீர். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2260 கிலோஜூல். ஆக மொத்தம் சுமார் 4,700 கிலோஜூல். 1500 வாட் மின்சாரக் கெட்டிலை 52 நிமிஷம் ஓடவிட்டால் வரும் வெப்பம் இது. அவ்வளவையும் பெட்டியின் சுவரே விழுங்கிவிடுகிறது. கையால் தட்டிப் பார்த்தால் ‘டங் டங்’ என்று காலியாக ஒலிக்கும் பெட்டியில் இந்த வித்தை இல்லை. “ஃபயர் ப்ரூஃப்” என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் இல்லை.

அமெரிக்கத் தரமான யூஎல் 72-இல் ‘கிளாஸ் 350’ என்றால், குறிப்பிட்ட நேரம் முழுக்க உள்ளே 350 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 177 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. ஒரு மணி நேரச் சோதனையில் உலை 927 டிகிரி செல்சியஸ் வரை போகும். காகிதத்துக்கு இது போதும். ஹார்ட் டிஸ்க்குக்குப் போதாது. அந்த மாதிரிப் பொருளுக்கு ‘கிளாஸ் 125’. அதாவது 52 டிகிரி செல்சியஸ். அதனால் பத்திரத்துக்கு வாங்கிய பெட்டியில் ஹார்ட் டிஸ்க்கை வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. அதன் இன்னொரு காப்பியை வேறு ஊரில் இருக்கும் அக்கா வீட்டில் வைப்பது மலிவான வழி.

இதில் ஒரு பக்க விளைவு உண்டு. ஈரம் நிறைந்த கலவை என்பதால் பெட்டிக்குள் ஈரப்பதம் சேரும். வெள்ளி கறுக்கும், காகிதம் பூசணம் பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, பத்து நாளைக்கு ஒரு தடவை கதவைத் திறந்து வையுங்க. பத்திரத்தை ஜிப் கவரில் போடுங்க.

6. தண்ணீர்: நாம் மறந்துவிடும் எதிரி

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் கடலூரிலும் எத்தனையோ பேரின் சான்றிதழ்கள் நனைந்து போயின. மாற்றுச் சான்றிதழ் தர அரசு சிறப்பு முகாம்களே நடத்த வேண்டியிருந்தது. தீ தாங்கும் பெட்டி தண்ணீர் தாங்கும் என்று அர்த்தம் இல்லை. இரண்டும் தனித்தனிச் சோதனை.

தரையோடு போல்ட் போடச் சொன்னேனே, வெள்ளம் வந்தால்? நியாயமான கேள்வி. தாழ்வான பகுதியில் கீழ்த்தளத்தில் இருந்தால், கொத்தனாரை வைத்து இடுப்பு உயரத்துக்கு ஒரு கான்கிரீட் மேடை கட்டி அதன் மேல் இறுக்குங்க. மாடி இருந்தால் மாடி. எதுவும் முடியாவிட்டால், காகிதம் எல்லாம் இரட்டை ஜிப் கவர். டிஜிலாக்கரில் வரும் சான்றிதழ்களுக்குச் சட்டப்படி மூலச் சான்றிதழுக்குச் சமமான மதிப்பு உண்டு. அதையும் இன்றே எடுத்து வைத்துக்கொள்ளுங்க. செலவே இல்லாத பெட்டகம் அது.

7. ஸ்டிக்கரில் எதைப் படிக்கணும்?

“ஹெவி டியூட்டி”, “டேம்பர் ப்ரூஃப்”, “மிலிட்டரி கிரேடு” இவை எல்லாம் வெறும் சொற்கள். எண்ணையும் தரத்தின் பெயரையும் தேடுங்க.

ஐஎஸ் 550: சேஃப்களுக்கான இந்தியத் தரம். ஐஎஸ்ஐ முத்திரைக்கு மேலே தர எண்ணும், கீழே ‘சிஎம்/எல்’ என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கணும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த உரிம எண்ணைப் போட்டால் உண்மையா போலியா என்று தெரிந்துவிடும்.

யூஎல் ஆர்எஸ்சி: வீட்டு உபயோகப் பெட்டிகளுக்கானது. அடிப்படை நிலையில், சாதாரணக் கைக்கருவிகளோடு ஒருவர் 5 நிமிஷம் முயன்றும் திறக்கக் கூடாது.

யூஎல் டிஎல்-15, டிஎல்-30: கதவும் முன்பக்கமும் 15 அல்லது 30 நிமிஷம் கருவிகளைத் தாங்கணும். கருவி பெட்டியைத் தொடும் நேரம் மட்டுமே கணக்கில் சேரும். மூச்சு வாங்கும் நேரம் சேராது.

ஈஎன் 1143-1: ஐரோப்பியத் தரம். கருவிக்கு ஒரு அடிப்படை மதிப்பு, அதோடு நேரத்தைக் கருவியின் குணகத்தால் பெருக்கிக் கூட்டி, ‘எதிர்ப்பு அலகு’ என்று ஒரு எண் தருவார்கள். கிரேடு எண் ஏற ஏறப் பலம் கூடும்.

கவனித்தீங்களா? உலகத்தில் எந்தத் தரமும் “உடைக்க முடியாது” என்று சொல்லவில்லை. எல்லாமே நிமிஷத்தில்தான் பேசுகின்றன.

8. ஒரு மாதிரிக் கணக்கு

முதல் மாடியில் சொந்த வீடு. 25 பவுன் நகை, நிலப் பத்திரம், மூன்று பேரின் சான்றிதழ்கள், ஒரு ஹார்ட் டிஸ்க். என்ன வாங்கலாம்?

25 பவுன் என்பது 200 கிராம். டப்பாக்களோடு சேர்த்தாலும் அதிக இடம் வேண்டாம். அளவைத் தீர்மானிப்பது காகிதம். பத்திரத் தாள் சுமார் 21.6-க்கு 35.6 செ.மீ. மடிக்காமல் வைக்க, உள் அளவில் ஒரு பக்கம் 36 செ.மீ.க்கு மேல் வேணும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். விளம்பரத்தில் இருப்பது வெளி அளவு. வெளியே 45-க்கு 40-க்கு 40 செ.மீ. பெட்டியில் சுவர் 5 செ.மீ. தடிமன் என்றால் உள்ளே 35-க்கு 30-க்கு 30 தான். 72 லிட்டர் பெட்டியில் நமக்குக் கிடைப்பது 31.5 லிட்டர், பத்திரம் மடங்கித்தான் உட்காரும். உள் அளவைக் கேட்டு வாங்குங்க.

விடை: காகிதத்துக்கு 60 நிமிஷத் தீச் சோதனையும், திருட்டுக்குத் தனிச் சோதனையும் உள்ள ஒரே பெட்டி, ஆர்சிசி தரையில் நான்கு போல்ட், படுக்கையறை மூலை, ஆறு இலக்க எண். பட்ஜெட் இடிக்கிறதா? அப்போது பிரித்து யோசியுங்க. தினமும் போடாத நகை வங்கி லாக்கருக்கு. காகிதம் மட்டும் சின்ன தீப் பெட்டகத்துக்கு. எதையும் போல்ட் போடாமல் வைக்கும் பெரிய பெட்டியை விட, போல்ட் போட்ட சின்னப் பெட்டி மேல்.

வங்கி லாக்கரும் முழுப் பொறுப்பு ஏற்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்க. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றால் இழப்பு ஏற்பட்டால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரைதான். வாடகை 3,000 என்றால் 3 லட்சம். இன்றைய விலையில் 25 பவுனைப் பெருக்கிப் பார்த்து, நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்க. காப்பீடு பற்றி விசாரிக்க இதுவே காரணம். நகை ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, பில்லையும் ஹால்மார்க்கின் ஆறு எழுத்து-எண் குறியீட்டையும் குறித்து வையுங்க. தொலைந்தால் போலீஸிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் பேசப் போவது அந்தக் குறிப்புதான்.

9. கடைசியாக, மனிதர்கள்

நம்பர் அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும் என்கிற வீடுகள் நிறைய. அவர் திடீரென்று ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், இன்சூரன்ஸ் பேப்பரும் பணமும் பெட்டிக்குள். நம்பர் அவர் தலைக்குள். அந்த நேரத்தில் வீட்டாருக்கு எதிராகவே பெட்டகம் நின்றுகொண்டிருக்கும். குறைந்தது இரண்டு பேருக்கு நம்பர் தெரியணும். அதில் ஒருவர் அம்மாவாக இருக்கட்டும். உள்ளே இருப்பதில் பாதி அவருடையதுதான்.

பெட்டி வந்த அட்டைப் பெட்டியை வாசலில் போடாதீங்க. ஸ்டேட்டஸ் வைக்காதீங்க. யாராவது கத்தியைக் காட்டித் திறக்கச் சொன்னால், திறந்துவிடுங்க. உயிருக்கு ஈடாக வைக்கும் அளவுக்கு எந்தப் பெட்டியிலும் ஒன்றும் இல்லை.

கடைக்குப் போகும்போது இந்த எட்டுக் கேள்விகளை எழுதிக்கொண்டு போங்க:

- எடை எத்தனை கிலோ? போல்ட் துளை எங்கே?
- கதவுத் தகடு, உடம்புத் தகடு இரண்டும் எத்தனை மி.மீ.?
- கீல் பக்கம் தண்டு இருக்கா?
- பூட்டு சோலினாய்டா, மோட்டாரா? எத்தனை இலக்கம்? தப்பானால் எவ்வளவு நேரம் பூட்டிக்கொள்ளும்?
- அவசரச் சாவித் துளை என்ன தரம்?
- தீ: எந்தத் தரம், எத்தனை நிமிஷம்?
- திருட்டு: எந்தத் தரம், எத்தனை நிமிஷம்?
- உள் அளவு எவ்வளவு?

எட்டில் ஐந்துக்காவது எண்ணாகப் பதில் வராத கடையில், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீங்க.

இந்த வாரப் பயிற்சி: உங்கள் வீட்டு பீரோவின் தகடு தடிமனை லேபில் இருக்கும் ஸ்க்ரூ கேஜால் அளந்து, 4 மி.மீ. தகட்டோடு விறைப்பை ஒப்பிட்டு எழுதுங்க. விடையைப் பார்த்த பிறகு, சாவி இப்போது எங்கே இருக்கிறது என்று அம்மாவிடம் மெதுவாகக் கேளுங்க.